மென்டார் டயரியில் நான் எழுதிய பொய்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். 2023 பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, கல்லூரி பஸ் கிளம்புவதற்குள், நாற்பத்து மூன்று மாணவர்களின் பெயருக்கு எதிரே "சந்தித்தேன், நலமாக இருக்கிறார், படிப்பில் முன்னேற்றம் திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதத்துச் சந்திப்புகள், ஒன்றரை மணி நேரத்தில். எல்லாம் ஒரே நாளில் எழுதியது என்று தெரியக்கூடாது என்பதற்காக நீலம், கறுப்பு என்று இரண்டு பேனா. என் பக்கத்து மேஜைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். இரண்டு பக்கத்தில் கொஞ்சம் டீ சிந்தி வைத்தார். பழசாகத் தெரியுமாம்.

நாக் குழு வரப்போகிறது என்று கல்லூரியே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. (நாக்கு அல்ல, நாக். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் பெங்களூர் அமைப்பு. 1994-இல் ஆரம்பித்தது.) ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில மாணவர்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நாம்தான் அவர்களுக்கு 'மென்டார்'. மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேச வேண்டும், வீட்டில் என்ன கஷ்டம், ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, ஏன் மார்க் குறைந்தது என்று விசாரித்து டயரியில் குறிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் இடத்தில் டயரிதான் முக்கியமாகிப் போனது, சந்திப்பு அல்ல.

புதிதாக வருபவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். டில்லிக்கு வந்தது 2009. மயூர் விஹாரில் குடியிருப்பு, கிரேட்டர் நொய்டாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை. பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் ஒரு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில்தான் விழும், அதனால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கையெழுத்துகளைப் போட்டு இரண்டு நாள் கழித்து ஹாஸ்டல் வார்டனிடமிருந்து போன். "உங்க மென்டீ ஒருத்தன், பீகார் பையன், மூணு வாரமா ரூமை விட்டு வெளியே வரலை. மெஸ்ஸுக்கும் சரியா வர்றதில்லை. கூட இருக்கிற பசங்கதான் வந்து சொன்னாங்க." நான் டயரியைப் புரட்டினேன். பதினேழாவது பெயர். கறுப்பு மையில், என் கையெழுத்தில், நலமாக இருக்கிறார்.

பையனை அழைத்து வந்தார்கள். ஜனவரிக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை அதன்பிறகு கழற்றவே இல்லை போலிருந்தது. இரண்டாம் வருடம். மூன்று பேப்பர் 'பேக்', அதாவது நம் ஊர் அரியர். அப்பா சமஸ்திபூர் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார், படிப்புக்கு பாங்க் கடன். முதலில் எதுவும் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து ஒரு எஸ்.எம்.எஸ்.ஸைக் காட்டினான். வருகைப் பதிவு 75 சதவிகிதத்துக்குக் கீழே, தேர்வு எழுத அனுமதியில்லை, டீனைப் பார்க்கவும் என்று கல்லூரி கம்ப்யூட்டர் தானாக அனுப்பியது. அதே செய்தி அப்பாவின் போனுக்கும் போயிருக்கிறது. அப்பா போனில் கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து இவன் போனை அணைத்துவிட்டான்.

அந்தப் பட்டியலை ஏற்றியது நான். அதுவும் டயரி எழுதிய அதே வாரம். ஒரு கையால் 'இவன் தேர்வு எழுதக்கூடாது' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு, இன்னொரு கையால் 'திருப்தி' என்று டயரியில் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரே பையன் என்று என் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு எனக்கு அவன் ஒரு ரோல் நம்பர், அவ்வளவுதான்.

அவன் அம்மாவுக்கு போன் போட்டேன். என் இந்தி அவருக்குப் புரியவில்லை, அவர் போஜ்புரியும் மைதிலியும் கலந்து பேசியது எனக்குப் புரியவில்லை. "பாபு டீக் பா ந, ஸர்ஜி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும் புரிந்தது. பையன் நன்றாக இருக்கிறானா என்று. அதே கேள்விக்குத்தான் நான் ஏற்கனவே எழுத்தில் பதில் சொல்லியிருந்தேன்.

நல்லவேளை, இது மோசமாக முடியவில்லை. அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். பாட்னாவில் டாக்டரிடம் காட்டினார்கள். ஒரு வருடம் தள்ளிப் போட்டுத் திரும்ப வந்தான். ஆனால் அது என் சாமர்த்தியம் அல்ல, கல்லூரியின் சாமர்த்தியமும் அல்ல. அறையில் கூட இருந்த இரண்டு பையன்கள் வாயைத் திறந்தார்கள், அதனால் தப்பித்தோம்.

நிற்க. இதற்கப்புறம் கல்லூரியில் என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என்று ஒரு பேச்சு. பேசியவர் கோட் சூட்டில் வந்து கைதட்டச் சொன்னார், தட்டினார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி. வரவில்லை என்றால் சம்பளம் பிடிப்பு, காலையும் மாலையும் பயோமெட்ரிக்கில் விரல் வைக்க வேண்டும். எனக்கு அழுத்தமே அன்றைக்குத்தான் அதிகம்.

ஒரு ஆலோசகரையும் நியமித்தார்கள். நல்ல பெண், பொறுமைசாலி. ஆனால் ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் ஒருவர். போன வருடம், 2025 ஜூலை 25-ஆம் தேதி, உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் குறைந்தது ஒரு தகுதியான ஆலோசகரை வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஹாஸ்டலில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கு அது. சட்டம் வரும்வரை எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று பதினைந்து வழிகாட்டுதல்கள். அதற்கு முன்பே 2025 மார்ச்சில், ஐ.ஐ.டி. டில்லியில் 2023-இல் இறந்த இரண்டு மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவையும் அதே நீதிமன்றம் அமைத்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். ஆனாலும் ஒரு நாளைக்கு முப்பத்தைந்துக்கு மேல் வருகிறது.

ஆலோசகர் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் ஆலோசகரிடம் ஒரு மாணவன் தானாகப் போக மாட்டான். யாராவது அவன் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, ஏன் இப்படி இருக்கே? வா, ஒருத்தரைப் பார்க்கலாம்" என்று கூட்டிப் போக வேண்டும். அந்த 'யாராவது' வகுப்பில் நிற்கும் ஆசிரியர்தான். அவருக்கு முகம் பார்க்க நேரமில்லை என்றால் ஆலோசகர் அறையில் ஏ.சி. மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். மாணவனின் அழுத்தமும் ஆசிரியரின் அழுத்தமும் வேறு வேறு என்று நினைத்து இரண்டுக்கும் தனித்தனியாக மருந்து தேடுகிறோம். ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது என்பது என் கட்சி.

ஏன் நேரமில்லை? யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிப் பாடம், பேராசிரியருக்கு 14. பார்க்க சுகமாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த செமஸ்டரில் லேபையும் சேர்த்து 22. அதுகூடப் பரவாயில்லை, பாடம் நடத்துவது என்பது நான் விரும்பி வந்த வேலை. மிச்சத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு கோர்ஸ் ஃபைல். தேர்வில் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பாடத்தின் எந்த நோக்கத்தை நிறைவேற்றியது என்று எக்ஸெல்லில் கட்டம் கட்டமாக நிரப்பும் சி.ஓ.-பி.ஓ. மேப்பிங். வருடத்துக்கு இரண்டு ஸ்கோபஸ் பேப்பர் கட்டாயம், இல்லையென்றால் இன்கிரிமென்ட் கிடையாது. மேயில் அட்மிஷன் டூட்டி. கான்பூர், கோரக்பூர் என்று போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு போன் போட்டு எங்கள் கல்லூரியில் சேரச் சொல்ல வேண்டும். ஒரு ஆசிரியருக்கு இத்தனை சீட் என்று இலக்கு. கிரெடிட் கார்டு விற்கும் பையன்கள் போன் செய்தால் இப்போதெல்லாம் நான் திட்டுவதில்லை.

பொறியியல் கல்லூரிகளில் பதினைந்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்று இருந்த கணக்கை 2018-19 கல்வியாண்டிலிருந்து இருபதுக்கு ஒருவர் என்று ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியது. ஐந்து பேர்தானே என்று தோன்றும். மூவாயிரம் மாணவர்கள் இருக்கும் கல்லூரியில் 200 ஆசிரியர்கள் தேவை என்பது 150 ஆகிவிட்டது. ஐம்பது பேர் செய்த வேலை எங்கே போகும்? மிச்சமிருப்பவர்கள் தலையில்தான்.

வேலை அதிகம் என்பது மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் அமெரிக்கா, சுவீடன் இரண்டு நாட்டுத் தொழிலாளர் விவரங்களை வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். சுமை அதிகமாகவும், அந்தச் சுமையை எப்படித் தூக்குவது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலைதான் மனிதனை அதிகம் பாதிக்கிறது என்று. அறுவடை நாளில் என் தாத்தா பதினாறு மணி நேரம் வேலை பார்த்தார், படுத்தவுடன் தூங்கினார். எந்த வயலை முதலில் அறுப்பது என்பது அவர் கையில் இருந்தது. எனக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதுகூட என் கையில் இல்லை, மாதிரி வினாத்தாள் மேலேயிருந்து வரும். பையன்களின் நிலைமை இன்னும் மோசம். என்ன படிப்பது என்று வீட்டில் முடிவு செய்தாயிற்று, எப்போது வகுப்பு, எத்தனை அசைன்மென்ட், எந்த கம்பெனிக்கு உட்காரலாம் எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். ஐ.ஐ.டி. டில்லி 2023-இல் செமஸ்டர் நடுவே வைக்கும் இரண்டு தேர்வுகளில் ஒன்றை எடுத்துவிட்டது. பத்து யோகா வகுப்பைவிட அந்த ஒரு முடிவு உருப்படியானது என்று நினைக்கிறேன். சுமையிலேயே கை வைத்தார்கள் அல்லவா.

வேலை நிரந்தரமில்லாத ஆசிரியர்களின் கதை தனி. டில்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 'அட்ஹாக்' என்று ஒரு சாதியே உண்டு. நான்கு மாத நியமனம், ஒரு நாள் இடைவெளி, மறுபடி நான்கு மாதம். இப்படியே பத்து, பதினைந்து வருடம் ஓட்டியவர்கள் ஏராளம். 2019 ஆகஸ்ட் 28-ஆம் தேதியிட்ட ஒரு கடிதத்தால் அதுவும் போய்விடும் என்ற நிலை வந்தபோது, அந்த டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் துணைவேந்தர் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். பேறுகால விடுப்பு கேட்ட அட்ஹாக் ஆசிரியை ஒருவருக்குப் பணி நீட்டிப்பு மறுத்த வழக்கு 2020-இல் உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் இரண்டுக்கும் போய், இரண்டிலும் ஆசிரியைதான் ஜெயித்தார். 2022-க்கு மேல் நிரந்தர நியமன நேர்காணல்கள் நடந்தபோது பலருக்கு வேலை உறுதியானது, வருடக்கணக்காகப் பாடம் நடத்திய பலருக்கு இருந்த இடமும் போனது. அப்படி இடம் போன ஒரு இளம் தத்துவ ஆசிரியர் 2023 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். ஒருவருடைய சாவை ஒரே காரணத்துக்குள் அடைக்க எனக்கு உரிமையில்லை, அதனால் அத்தோடு விடுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் இருக்கிறார், ஒன்பது வருடம் இப்படிக் காலம் தள்ளியவர். "தம்பி, வகுப்புல ஒரு பிள்ள அழுதுட்டே இருக்கும். கூப்பிட்டு என்னன்னு கேக்கலாம்னு தோணும். கேட்டா நாளைக்கும் கேக்கணும்லா. நாளைக்கு நான் இருப்பனான்னு எனக்கே தெரியாது" என்றார் ஒருமுறை. இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் மச்சான் குருகிராமில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். "கோடையில லீவு, தீபாவளிக்கு லீவு, நாலரைக்கு பஸ். உங்களுக்கெல்லாம் என்ன மாமா ஸ்ட்ரெஸ்?" என்பான். அவன் ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காவோடு பேசுகிறவன், அவன் கோபத்தில் நியாயம் உண்டு. கோடை லீவு அட்மிஷன் டூட்டியில் கரைந்துவிடுகிறது என்பது ஒரு பதில். இன்னொரு பதிலும் உண்டு. அவன் களைத்துப்போனால் ஒரு மென்பொருள் தாமதமாகும். நான் களைத்துப்போனால் அந்தப் பதினேழாவது பெயர் என் கண்ணில் படாது.

ஆசிரியர்கள் எல்லோரும் பாவம், நிர்வாகம்தான் ராட்சசன் என்று நான் சொல்லவில்லை. மேலே வாங்கும் அடியைக் கீழே இறக்கிவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. இன்டர்னல் மார்க்கைச் சாட்டையாக வைத்துக்கொண்டு மிரட்டுகிறவர்கள், பி.எச்டி. மாணவனைக் கொண்டு வீட்டு கேஸ் சிலிண்டர் புக் செய்ய வைக்கும் கைடுகள், "இந்த மூஞ்சிக்கு இன்ஜினியரிங் ஒரு கேடா?" என்று அறுபது பேர் முன்னால் கேட்கிறவர்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை (இந்தியில்) நானே ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். அன்று காலை டீன் என்னிடம் ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தார். அது சாக்கு ஆகாது.

அடுத்து நம் வீட்டுப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போனால் பிரசாதம் வாங்கும் வரிசையிலேயே ஆரம்பித்துவிடும். பையன் என்ன பண்றான்? சி.எஸ்., மூணாவது வருஷம். சி.ஜி.பி.ஏ. எவ்வளவு? பிளேஸ்மென்ட்ல என்ன பேக்கேஜ் வருது? பையன் பக்கத்தில் புளியோதரைத் தொன்னையோடு நின்றுகொண்டிருப்பான். நானும் கேட்டிருக்கிறேன், என் பெண்ணை நிற்க வைத்துக்கொண்டு பதிலும் சொல்லியிருக்கிறேன். ஊரை விட்டு வந்து, வாடகை வீடு மாறி மாறி, பிள்ளைகள் படிப்பு ஒன்றுதான் நாம் சேர்த்த சொத்து என்று இருக்கிறோம், அதனால்தான் கேட்கிறோம். புரிகிறது. ஆனால் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது பேக்கேஜ் கேட்கும் நாம், "இங்கே ஆசிரியர்கள் எத்தனை வருஷம் நிற்கிறார்கள்? ஒரு மென்டாருக்கு எத்தனை பிள்ளைகள்? என் பையன் பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை என்றால் முதலில் அவனோடு பேசுவது ஒரு மனுஷனா, கம்ப்யூட்டரா?" என்று கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். வரவேற்பறையில் இருக்கும் பெண் விழிப்பார். பத்துப் பெற்றோர் கேட்டால் பதில் தயார் செய்துவைப்பார்கள், நூறு பேர் கேட்டால் ஒருவேளை ஆளே வைப்பார்கள். அட்மிஷன் டூட்டி பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் நிர்வாகங்கள் பயப்படுவது பெற்றோருக்கு மட்டும்தான்.

இன்னொன்று. தமிழ்நாட்டிலிருந்து இங்கே தனியாக வந்து படிக்கும் பிள்ளைகள். காலையில் ஆலு பராட்டா, ராத்திரி ராஜ்மா, நாள் முழுக்க இந்தி. மனசில் இருப்பதை அரைகுறை இந்தியில் ஆலோசகரிடம் சொல் என்றால் எங்கே சொல்லும்? 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ், 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கும், இரவு பகல் எந்நேரமும். தமிழிலும் பேசலாம். தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இந்த எண்ணைக் கொடுத்துவையுங்கள். அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கள், மார்க் கேட்காமல்.

என் கதையில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எச்.ஓ.டி.யிடம் போய், இனிமேல் பார்க்காத மாணவனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சிரித்தார். "எல்லாரும் போடறாங்களே" என்றார். இழுபறியில் ஒன்று மட்டும் நடந்தது. வருகைப் பட்டியல் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் வெள்ளிக்கிழமை மென்டார் கைக்கு வரும். பெயர் இருக்கும் பையன்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் மற்றது. எங்கள் துறையில் மட்டும்தான் இது. பாதிப் பேர் வருவார்கள். வந்த பாதியில் பலர் காய்ச்சல், தூக்கம் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்றிரண்டு பேர் உட்காருவார்கள்.

பீகார் பையன் 2024-இல் சட் பூஜை முடிந்து திரும்பி வரும்போது ஒரு டப்பா நிறைய டேகுவா கொண்டுவந்தான். கோதுமை மாவையும் வெல்லத்தையும் பிசைந்து நெய்யில் பொரிப்பது, நம் அதிரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். "அம்மா கொடுத்தாங்க சார். உங்களுக்கு இந்தி சரியா வராதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க" என்றான்.

இந்த செமஸ்டர் என்னிடம் முப்பத்தொன்பது பேர். டயரியில் பதினான்கு கட்டம் காலியாக இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை.